சம்பந்திக்கு ஒரு திட்டு வார்த்தை

இந்தக் கதையில குருவுக்கு முப்பது வயசு, சீடருக்கு அம்பத்திரெண்டு.

குரு பேரு பிலோமினா மிஸ். ஜோலார்பேட்டை ஸ்டேஷன் ரோட்டுல, ஜெராக்ஸ் கடை மாடியில இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கறாங்க. சீடர் வைரவேல். பிளாட்பாரத்துல டீ ஸ்டால் வெச்சிருக்காரு.

அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டாரு. செருப்பைக்கூட கழட்டல.

"மிஸ், முட்டாளுக்கு இங்கிலீஷ்ல இருக்கறதுலயே பெரிய வார்த்தை எது?"

"யாருக்கு?"

"சம்பந்திக்கு."

"நேத்துதானே அண்ணா நிச்சயம்?"

நேத்துதான். தட்டு மாத்தற நேரம். மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் இங்கிலீஷ். நாமளும் மரியாதையா ஒரு வரி பேசுவோம்னு வைரவேலுக்கு ஆசை வந்துடுச்சு. ஸ்டேஷன்ல வருஷக்கணக்கா கேட்டு மனப்பாடமான வரி ஒண்ணு இருந்துது. அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்லயே ரொம்பப் பணிவானது அதுதான். தாம்பூலத் தட்டை நீட்டி, தலையைக் குனிஞ்சு சொல்லிட்டாரு.

"தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரிக்ரெட்டட்."

ரயில் லேட்டானா மைக்குல ஒரு அம்மா வருத்தம் தெரிவிக்குமே, அதேதான்.

மண்டபமே சிரிச்சுது. சம்பந்தி பக்கத்துல இருந்தவர்கிட்ட திரும்பி, "சில்லி மேன்"னாரு.

"பொண்ணைக் குடுக்கறவனைப் பாத்து சொல்ற வார்த்தையா மிஸ்? சாயங்காலம் போன் போட்டு இந்தச் சம்பந்தமே வேணாம்னு சொல்லப்போறேன். கட் பண்றதுக்கு முன்னாடி இங்கிலீஷ்ல ஒண்ணு விடணும். வெயிட்டா குடுங்க."

"சில்லிக்கு ஆதியில என்ன அர்த்தம் தெரியுமா? ஆசீர்வாதம் வாங்கினவன்."

"அப்புறம் எப்படித் திட்டாச்சு?"

"ஆசீர்வாதம் வாங்கினவனைக் கள்ளங்கபடம் தெரியாதவன்னாங்க. அப்புறம் ஐயோ பாவம்னாங்க. கடைசியில முட்டாள்னுட்டாங்க. பல நூறு வருஷம் ஆச்சு."

"எங்க தெருவா இருந்தா ஒரே வாரத்துல முடிச்சிருப்பாங்க. அது வேணாம். ஃபூல்?"

"லத்தீன்ல துருத்தி. கொல்லன் நெருப்பு ஊதற தோல் பை. உள்ள வெறும் காத்து."

வைரவேல் யோசிச்சாரு. "துருத்தி உபயோகமான சாமான் மிஸ். அவருக்குப் பொருந்தாது. ஸ்டுபிட்?"

"அசந்துபோய் அப்படியே நின்னவன்."

"அது நேத்து நான். வேற?"

"டன்ஸ்னு ஒண்ணு இருக்கு. ஒரு பெரிய படிப்பாளியோட பேரு அது. அவர் வழியில வந்தவங்க புதுப் படிப்பு எதுவும் வேணாம்னு அடம் பிடிச்சாங்க. அவங்களைக் கிண்டல் பண்ணப் போய் அந்தப் பேரே திட்டாயிடுச்சு."

"படிப்பாளி பேரை எதுக்கு அவருக்கு வைக்கணும்? ஏற்கனவே எம்.டெக்னு ஆடறாரு. இடியட்?"

"அது கிரேக்க வார்த்தை. ஊரே கூடிப் பொது விஷயம் பேசும். அதுல சேராம, தன் ஜோலியை மட்டும் பாக்கற ஆளு."

வைரவேல் தொடையைத் தட்டினாரு. "இதான் மிஸ். நாலு பேர் இருக்கற இடத்துல தன்னைத் தவிர யாரையும் நினைக்காதவன். அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு."

"சரி. நான்தான் உங்க சம்பந்தி. போன் எடுத்துட்டேன். பேசுங்க."

"யோவ்..."

"வெச்சிடுவேன்."

வைரவேல் தொண்டையைச் செருமினாரு. "சம்பந்தி, சபையில என்னை அசிங்கப்படுத்திட்டீங்க. எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. நேத்து ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம். யூ ஆர் அன் இடியட்."

"உச்சரிப்பு நல்லா இருக்கு. கல்யாணம் யாருக்கு அண்ணா?"

"என்ன மிஸ், தெரியாத மாதிரி. என் பொண்ணு வெண்ணிலாவுக்கு."

"வெண்ணிலா என்ன சொல்லுது?"

வைரவேல் இப்பதான் குனிஞ்சு செருப்பைக் கழட்டினாரு. "அதைக் கேக்கல மிஸ்."

"அந்தப் பையனைப் பிடிச்சிருக்கா அதுக்கு?"

"அவங்களே பேசிப் பழகி முடிவு பண்ணதுதான் மிஸ்."

"வேணாம்னு சொல்லப்போறது அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது மிஸ்."

மிஸ் ஜன்னலைத் திறந்துவிட்டுட்டு வந்து உக்காந்தாங்க.

"அப்ப அந்த வார்த்தையைச் சம்பந்திக்குக் குடுத்துடாதீங்க அண்ணா. வீடு போய் வெண்ணிலாவைக் கேக்கற வரைக்கும் அது உங்ககிட்டயே இருக்கட்டும்."