இடி வாங்கிய வேங்கை

கூகைமலையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் சடைச்சி. உச்சிப் பாறையில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கடப்பாரை, இரண்டு தண்ணீர்க் குடம், இவ்வளவுதான் அவள் சொத்து. கோடை முழுக்க மலையில் எங்கே தீ கிளம்புகிறது என்று பார்ப்பது அவள் வேலை.

சீடர் ஏகாம்பரம், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் மேகம் வரைந்தவர். நிஜ மேகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று மலையேறியவர், பிறகு இறங்கவே இல்லை. ஈச்சங்கொல்லை என்ற குடியிருப்பில் ஒரு புல் வீட்டில் தங்கிக்கொண்டார்.

அவள் அவரை "வாத்தியாரே" என்பாள். அவர் அவளைத் "தாயி" என்பார். புதிதாக மலைக்கு வருகிறவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டு, அவளிடம் தண்ணீர் கேட்பார்கள். அவளும் மொண்டு கொடுப்பாள்.

சித்திரையில் கூகைமலைக்கு மழை வராது. மழையின் சத்தம் மட்டும் வரும். மத்தியானம் மூன்று மணிக்குக் கிழக்கே ஒரு மேகம் காலிஃபிளவர் மாதிரிப் பூக்கும். நாலு மணிக்குக் கறுக்கும். அப்புறம் வானத்தில் யாரோ வீடு காலி செய்வார்கள். பீரோ, கட்டில், அண்டா, எல்லாம் உருளும். மழையும் கிளம்பத்தான் செய்யும். பாதி வழியிலேயே காய்ந்துபோய், நரைத்த தாடியாக மேகத்தில் தொங்கும். மின்னல் மட்டும் தவறாமல் தரைக்கு வந்து சேரும்.

ஒருநாள் அந்தத் தாடியைப் பார்த்துக்கொண்டே ஏகாம்பரம் கேட்டார்.

"மின்னல் எங்க விழும்னு எப்படிச் சொல்றது தாயி?"

"தெரியாது வாத்தியாரே."

"தீ எப்பப் பிடிக்கும்னு?"

"அதுவும் தெரியாது."

"ரேடியோவிலேயே சொல்றானே."

சடைச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு ரேடியோக்காரரின் குரலை அப்படியே எடுத்தாள். "உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். பெய்யாமலும் இருக்கக்கூடும்."

வாத்தியாருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அப்ப உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"தொட்டுப் பார்க்கத் தெரியும்."

மறுநாளே இடி விழுந்தது. ஈச்சங்கொல்லைக்குக் கீழே, புல் சரிவில் தனியாக நின்ற கிழட்டு வேங்கை மரத்தின் மேல். உச்சியிலிருந்து வேர் வரைக்கும் ஒரு முழ அகலத்துக்குப் பட்டை உரிந்து தொங்கியது. தீ இல்லை. புகையும் இல்லை.

"தப்பிச்சோம்" என்றார் ஏகாம்பரம்.

"யாரு சொன்னா?" என்றாள் சடைச்சி.

கூகைமலையில் இடி வாங்கிய மரத்துக்கு ஏழு நாள் காவல். இடியோடு வந்த நெருப்பு சில சமயம் மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு நாளோ ஐந்து நாளோ சும்மா இருக்கும். பிறகு ஒரு காற்று வந்து அதை எழுப்பும். எழுந்த தீ மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். அதனால் மரத்துக்கு மேட்டுப்பக்கம் குடியிருக்கிறவர்கள் ஏழு நாளும் கீழே ஓடைப்பாறைக்கு வந்துவிட வேண்டும். ஓடைப்பாறையில் எரிவதற்குப் புல் கிடையாது. ஒதுங்குவதற்கு நிழலும் கிடையாது.

ஈச்சங்கொல்லையின் பதினொரு வீடும் ஆடுகளோடு இறங்கின. மூப்பர் வெள்ளியன் மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். பூவாயிக்கு நிறைமாசம்.

"சடைச்சி, நாளைக்கோ மறுநாளோன்னு நிக்கிற புள்ள. ஏழு நாளும் இவ இந்தப் பாறையிலயா வேகணும்?"

"ஏழு நாள், மாமா."

"உன் நெஞ்சும் இந்தப் பாறையும் ஒரே கல்லுல செஞ்சது போலிருக்கு."

சடைச்சி தன் குடத்தில் ஒன்றைப் பூவாயியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏகாம்பரம் அவள் பின்னாலேயே போனார். "அந்த மரத்துக் காவலை எனக்குக் குடுங்க தாயி."

அவள் அவரை வேங்கையிடம் கூட்டிப்போனாள். கையைத் திருப்பி, புறங்கையை மரத்தில் வைத்தாள். தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் காய்ச்சல் பார்க்கிறவள் மாதிரி. ஒரு சாண் நகர்த்தினாள். நின்றாள். மறுபடி ஒரு சாண். வேரிலிருந்து தலைக்கு எட்டுகிற உயரம் வரை, மரத்தைச் சுற்றி ஒரு இடம் விடவில்லை. அவள் முடிக்கும் வரை ஏகாம்பரம் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டார்.

"உள்ளங்கையால தொட்டா ஆகாதா?"

"உள்ளங்கை வேலைக்காரன் வாத்தியாரே. போனதும் பிடிக்கும், அமுக்கும், தள்ளும். புறங்கைக்கு ஒண்ணும் செய்யத் தெரியாது."

முதல் நாள் வாத்தியார் ஒரு சாண் ஒரு சாணாகத் தொட்டார். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. தொட்டுவிட்டு ஓடைப்பாறைக்கு வந்து, வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில் அறிவிப்பார். "இன்று சூடு, ஆப்சென்ட்." பிள்ளைகள் கைதட்டுவார்கள். மூப்பர் தட்ட மாட்டார்.

நான்காம் நாள் சாயங்காலம் அந்த அதிசயம் நடந்தது. தாடி தரையைத் தொட்டது. அரை மணி நேரம், குடத்தைக் கவிழ்த்த மாதிரி மழை. ஓடைப்பாறையில் ஆடுகளும் ஆட்களும் ஒன்றாக நனைந்தார்கள். மூப்பரே வாயைத் திறந்து வானத்தைக் குடித்தார். முப்பத்தைந்து வருடமாகச் சாக்பீஸில் பெய்த மழை கடைசியில் தன் வழுக்கையிலும் பெய்ததே என்று வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலை வேங்கை கறுப்பாக நனைந்து நின்றது. இலையெல்லாம் கழுவிவிட்ட மாதிரி. ஏகாம்பரம் அதைச் சுற்றி வந்தார். பரீட்சையில் தேறிய பையனின் முதுகில் தட்டுவதுபோல, உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டினார்.

"சபாஷ். நீ பாஸ்."

மரம் ஜில்லென்று இருந்தது. வாத்தியார் ஓடைப்பாறைக்குப் போய்க் காவல் முடிந்தது என்றார். மூப்பர் முதன்முறையாகக் கைதட்டினார்.

மத்தியானத்துக்குள் வெயில் புல்லை உலர்த்திவிட்டது. ஆடுகளை முன்னால் விட்டு ஊர் மேலே ஏறியது. உச்சிப் பாறையிலிருந்து அதைப் பார்த்த சடைச்சி, கடப்பாரையைத் தோளில் போட்டு, குடத்தைத் தலையில் வைத்து இறங்கி வந்தாள்.

ஏகாம்பரம் சரிவில் சிரித்த முகமாக எதிர்ப்பட்டார். "மழை பெஞ்சிருச்சு தாயி. இனி என்ன?"

அவள் குடத்தை இறக்கினாள். வேரிலிருந்து தொடங்கினாள். ஒரு சாண். ஒரு சாண். வாத்தியார் பக்கத்தில் நின்று மழையின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முழங்கால் உயரத்தில், பள்ளத்தைப் பார்த்த பக்கம், அவள் கை நின்றது.

"வாத்தியாரே. இங்க."

அவர் புறங்கையை வைத்தார். ஒரு வெற்றிலை அகலம். லேசாக உடம்பு சுடுகிற பிள்ளையின் நெற்றி.



இருவரும் மரத்தைச் சுற்றிலும் புல்லைப் பிடுங்கி எறிந்தார்கள். தண்ணீரை ஊற்றி மண்ணைக் குழைத்தார்கள். அப்புறம் சடைச்சி அந்த இடத்தில் கடப்பாரையை இறக்கினாள். பட்டை உடைந்தது. பொந்துக்குள் செக்கச்செவேல் என்று ஒரு கண் திறந்து அவர்களைப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது.

ஒரு பொறி அவர்கள் தலைக்கு மேலே பறந்து, பிடுங்காத புல்லில் விழுந்தது. சடைச்சி பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடுவதற்குள் புல் பாய் அகலத்துக்கு எரிந்தது. அவள் அடிக்க அடிக்க அது மேட்டுப்பக்கம் ஒரு எட்டு வைத்தது. மேலே, வீட்டு வாசலில் மகளோடு நின்ற மூப்பர் அதைப் பார்த்துவிட்டுப் பாய்ந்து இறங்கினார். அவரும் அடித்தார். கீழே வாத்தியார் இரண்டு கையாலும் சேற்றை அள்ளிப் பொந்துக்குள் திணித்தார். சூடு கையைச் சுட்டது. திணிப்பதை நிறுத்தவில்லை.

மேகம் பூக்கிற நேரத்துக்கு எல்லாம் அடங்கியது. சரிவில் கறுப்பாக ஒரு திட்டு. ஈச்சங்கொல்லையின் முதல் வீட்டுக்கும் அதற்கும் இடையில் முப்பது காலடி தூரம் இருக்கும்.

மூப்பர் இருமிக்கொண்டே கேட்டார். "இப்பவாவது அணைஞ்சிருச்சா? புள்ளைய உள்ள படுக்க வைக்கலாமா?"

ஏகாம்பரம் சடைச்சியைப் பார்த்தார்.

"காவல் உங்களுது" என்றாள் அவள்.

வாத்தியார் மரத்திடம் போனார். கையை நீட்டினார். நிறுத்தினார். திருப்பினார். வேரிலிருந்து தொடங்கினார். மூப்பர் பொறுமை இழந்து இரண்டு முறை செருமினார். வாத்தியாருக்குக் கேட்கவில்லை. சுற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சூடு இல்ல மூப்பரே. ஆனா இன்னைக்குத்தான் முதல் நாள். எல்லாரும் இறங்கணும்."

"ஏழுன்னீங்க. காலைல முடிஞ்சதுன்னீங்க. இப்ப மொத்தம் பதினொரு நாளா?"

"பதினொண்ணு. தப்பு என்னுது."

மூப்பர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேலேயிருந்து பூவாயி குரல் கொடுத்தாள். "பாறைக்கே போவோம்ப்பா. தீ எட்டு வச்சதை நான் இங்கயிருந்து பார்த்துட்டேன்."

ஊர் மறுபடி இறங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பூவாயி ஒவ்வொரு அடியாக வைத்துப் போவதை ஏகாம்பரம் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கே பீரோவை நகர்த்த ஆரம்பித்துவிட்டார்கள்.

சடைச்சி காலிக் குடத்தை எடுத்தாள்.

"தாயி, அதே மரம். காலைல நானும் தொட்டேன். உங்ககிட்ட சொன்னது, என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அதுகிட்ட என்ன கேட்டீங்க வாத்தியாரே?"

ஏகாம்பரம் கொப்புளம் போட்டிருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.