இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

தாணுமூர்த்திக்கு ஐம்பத்தாறாவது வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்தொன்று.

குருவின் பெயர் ஜெசிந்தா. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அது இருக்கும் இடத்தை எல்லோரும் ஏசி ரூம் என்பார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். போன ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு எந்திரத்தின் நெற்றியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தாணுமூர்த்தி அதே கல்லூரியில் கணிதத் துறைத் தலைவர். ஜெசிந்தா அவரிடம் படித்தவள்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாக ஒரு ஞாபகம், அவ்வளவுதான்.

அவருடைய கவலை கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும். அப்போது கடல் சத்தம் போடாமல் ஊருக்குள் ஏறும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் என்றோ அடித்த புயலின் அலை அது. நாள்கணக்கில் நடந்து வந்து சேரும். அது வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல ஆறு வருடம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினார் தாணுமூர்த்தி. கணக்கில் குற்றமில்லை. ஓடி முடிக்கத்தான் முப்பது மணி நேரம் பிடித்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில் அது ‘கொம்பன்துறையில் கடல் ஏறும்’ என்று அச்சடித்துத் தந்தது. கடல் அந்த மீனவ ஊருக்குள் ஏறி, வள்ளங்களை உடைத்து, வலைகளை வாரிக்கொண்டு இறங்கிப்போய் அப்போது ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்தத் தாளை அவர் கிழித்துப் போடவில்லை. மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அதை எடுத்து ஒருமுறை வாசிப்பார்.

மறுபடியும் சித்திரைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஏசி ரூம் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“மக்களே, இத வேகமா ஓட வைக்க வழி உண்டா?” என்று ஜெசிந்தாவிடம் கேட்டார். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளை வாஞ்சையோடு அழைப்பது அப்படித்தான்.

ஜெசிந்தா புரோகிராமை அரை மணி நேரம் வாசித்தாள்.

“உங்க கணக்கு நல்லாத்தான் சார் இருக்கு. அதுக்கு அடியில கூட்டல் பெருக்கல் செஞ்சு தருதே லைப்ரரிண்ணு ஒரு நிரல் தொகுப்பு, அது எந்த மிஷின்லயும் ஓடணும்ணு பொதுவா செஞ்சு வச்சது. எல்லாருக்கும் தச்ச சட்ட. மூல நிரல எடுத்து, இந்த மிஷினுக்குண்ணு அளவெடுத்து கம்பைல் பண்ணிப் போடணும்.”

“அப்ப பண்ணித் தாயேன்.”

“நான் பண்ணித் தந்தா, அது கெட்டுப்போற அன்னைக்கு நான் லீவுல இருப்பேன்.”

இப்படித்தான் தாணுமூர்த்தி சீடரானார்.

மூல நிரல் வந்து இறங்கியது. மனிதர் வாசிக்கும்படி எழுதிய ஆயிரத்துச் சொச்சம் கோப்புகள். அவற்றை எந்திரம் ஓட்டும்படி மாற்றவேண்டும்; கம்பைல் என்பது அதுதான். கூடவே ‘முதலில் என்னை வாசி’ என்று ஒரு கோப்பும் இருந்தது. வினாத்தாளின் தலைப்புக் குறிப்பை எந்தப் பிள்ளை வாசித்திருக்கிறது? தாணுமூர்த்தியும் வாசிக்கவில்லை. கட்டளையைத் தட்டினார். திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி, ‘எரர்’ என்று நின்றன. கடைசி வரியைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு குருவிடம் போனார்.

“இது என்ன சொல்லுது மக்களே?”

“இது பிள்ள அழுதது சார். எங்க விழுந்துதுண்ணு பாத்தியளா?”

திரும்பிப் போய் மேலே, மேலே, மேலே தேடினார். முந்நூறு வரிக்கு முன்னால் முதல் எரர் இருந்தது. ஒரு துணைக் கருவி எந்திரத்தில் இல்லை என்று அது பணிவாகச் சொல்லியிருந்தது. ‘முதலில் என்னை வாசி’யின் மூன்றாம் வரியும் அதையேதான் சொன்னது.

அதற்குப் பிறகு அவர் ஒழுங்காக வாசித்தார். மூன்று வாரம் வாசித்தார். துறைத் தலைவர் ஏசி ரூமில் வெறுங்காலோடு குந்தியிருக்கிறார் என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வாசித்ததில் ஒரு விருப்பக் குறி அவர் கண்ணில் பட்டது. கம்பைல் செய்யும்போது அதைச் சேர்த்தால் கணக்குகள் இன்னும் விரைவாக நடக்குமாம். குருவிடம் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். பங்குனியில் ஒரு வியாழக்கிழமை கம்பைல் ஒரு எரரும் இல்லாமல் முடிந்தது. பாக்கி இருந்தது சோதனை. லைப்ரரியை எழுதியவர்களே வைத்த இருநூற்றுப் பன்னிரண்டு கணக்குகள். அத்தனையிலும் தேறினால்தான் இன்ஸ்டால் செய்யவேண்டும் என்பது முறை.

இருநூற்றுப் பதினொன்று தேறியது. ஒன்று தேறவில்லை. விடை பன்னிரண்டாம் தசமம் வரை சரியாக இருக்கவேண்டும்; ஒன்பதாம் தசமத்திலேயே பிசகியிருந்தது.

இங்கே தாணுமூர்த்தியின் இன்னொரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் அவர் அரை மார்க் கூடச் சேர்த்துப் போடமாட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கல்லுமூர்த்தி. வயது ஏற ஏறக் கை இளகிவிட்டது. துறைத் தலைவரான பின் ரிசல்ட்டுக்கு முந்தின நாள் ஆசிரியர்களைக் கூட்டி வைத்து, தேற நாற்பது வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு வாங்கிய பிள்ளையை இரண்டு மார்க் கொடுத்து அக்கரை ஏற்றிவிடுவார். ‘பாவம், ரெண்டுதானே’ என்பார். அந்தக் கை இப்போதும் தானாக நீண்டது. சோதனைக் கோப்பைத் திறந்து, பன்னிரண்டாம் தசமம் என்றிருந்ததை எட்டாம் தசமம் என்று திருத்தினார்.

இருநூற்றுப் பன்னிரண்டும் தேறியது. இன்ஸ்டால் செய்தார். முப்பது மணி நேரம் ஓடிய புரோகிராம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது!

மறுநாள் காலை ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு குருவின் முன் நின்றார்.

“சோதன?” என்றாள் ஜெசிந்தா.

“எல்லாம் பாஸ்.”

“இருநூத்திப் பன்னெண்டும்?”

“ஒண்ணு மட்டும் கொஞ்சம் தகராறு பண்ணிச்சு. கொஞ்சம் தள்ளி விட்டேன்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இருநூத்திப் பன்னெண்டுல ஒண்ணு மக்களே. அதும் ஒம்பதாம் தசமத்தில. அதுல என்ன வந்திரப் போவுது?”

ஜெசிந்தா பழத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். பழைய கோப்பு ஒன்றைத் தேடி எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

“இத ஓட்டுங்க சார்.”

காற்றும் அலையும் பதிவான ஏதோ ஒரு நாளின் அளவுகள். தாணுமூர்த்தி ஓட்டினார். இரண்டு மணி நேரம் அவள் தன் வேலையைப் பார்த்தாள். அவர் பெருமையோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடை வந்தது.

கொம்பன்துறை: கடல் அமைதி.

அப்போதுதான் தேதியைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முந்தின சித்திரை. இழுப்பறைத் தாளில் இருக்கும் அதே தேதி.

“இது தப்பு,” என்றார். “அன்னைக்குக் கடல் வந்துதே.”

“வந்துது சார். எங்க அப்பாக்குக் கால்முட்டு ஒடிஞ்சது அன்னைக்குத்தான்.”

அவள் கொம்பன்துறைக்காரி என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை. அவமானத்தில் காது சுட்டது. ஆறு வருடம் உழைத்து ஒரு புரோகிராம் எழுதி, கடைசியில் அதன் கண்ணைத் தன் கையாலேயே குத்திவிட்டார். முன்பாவது அது தாமதமாக உண்மையைச் சொன்னது. இப்போது சீக்கிரமாகப் பொய் சொல்கிறது.

முதல் காரியமாகச் சோதனைக் கோப்பைத் திறந்து எட்டைப் பழையபடி பன்னிரண்டாக்கினார்.

தோற்ற அந்த ஒரு சோதனையை இரண்டு நாள் வரி வரியாக வாசித்தார். அதில் பெரிய எண்ணோடு மிகச் சிறிய எண்களை லட்சக்கணக்கில் கூட்டவேண்டும். நெல் அளக்கும்போது படியிலிருந்து சிந்தும் மணிகளைக் கூட்டி எடுத்து அடுத்த படியில் சேர்ப்பதுபோல, ஒவ்வொரு கூட்டலிலும் உதிரும் துளியை லைப்ரரி எடுத்து வைத்துக்கொள்ளும். அவர் சேர்த்த விருப்பக் குறி அதை வீண்வேலை என்று நிறுத்திவிட்டிருந்தது. தூரத்துப் புயலின் அலை அவருடைய கணக்குக்குள் அந்தத் துளிகளாகத்தான் வந்துகொண்டிருந்தது. வழியிலேயே அத்தனையும் சிந்திப்போயிற்று.

குறியை எடுத்தார். கட்டியதையெல்லாம் அழித்து, வெறும் மூல நிரலிலிருந்து மறுபடி தொடங்கினார். கம்பைல் ஓடியது. சோதனை ஓடியது. ஒன்று, இரண்டு என்று அவர் உதடு எண்ணிக்கொண்டே வந்தது. தகராறு செய்த அந்தச் சோதனை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

“தொறங்க சார்,” என்றாள் ஜெசிந்தா.

இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.

புரோகிராம் இப்போது மூன்று மணி நேரம் எடுத்தது. பழைய தேதியைக் கொடுத்தார்கள். கொம்பன்துறையில் காலை பத்து நாற்பதுக்குக் கடல் ஏறும் என்றது. அன்று ஏறியதும் அதே பத்து நாற்பதுக்குத்தான். தாணுமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், எந்திரத்தின் சந்தனப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் அந்த மட்டிப்பழ ஞாபகம் வந்தது. கறுத்துப் போயிருந்தது. இருவரும் அதையே தின்றார்கள்.

சித்திரை பிறந்தது. அன்றாடம் காலை பத்து மணிக்கு அன்றைய அளவுகள் வரும், அவர் ஓட்டுவார், ஒரு மணிக்கு ‘கடல் அமைதி’ என்று வரும். பதினேழு நாள் அப்படியே வந்தது. பதினெட்டாம் நாள் வேறு மாதிரி வந்தது: கொம்பன்துறை, நாளைக் காலை பத்தரை.

ஜெசிந்தா அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் பெயர் சிலுவைப்பிச்சை.

“காத்தே இல்லியே பிள்ளே,” என்றார் அவர்.

“அன்னைக்கும் இல்ல அப்பா.”

அவர் போனை வைத்தார். பிறகு சிலுவைப்பிச்சை கம்பை ஊன்றிக் கோயிலுக்கு நடந்து, மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு வள்ளம், ஒரு வலை, ஒரு மீன்கூடை கரையில் இல்லை. எல்லாம் மேட்டு ரோட்டுக்கு ஏறிவிட்டன.

மறுநாள் காலை ஊரே ரோட்டில் நின்றது. தாணுமூர்த்தியும் நின்றார். பத்தரை ஆயிற்று. வெயிலில் கண் கூசியது. கடல் குளம்போலக் கிடந்தது. பத்து முப்பத்தைந்து. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தாணுமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடல் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா?

பத்து முப்பத்தெட்டுக்குக் கடல் எழுந்தது.

சத்தமே இல்லை. மணலைத் தாண்டிற்று. வள்ளங்கள் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. வலை காயும் இடத்தைத் தடவிப் பார்த்தது. முதல் வரிசை வீடுகளின் படி வரை வந்தது. எங்கும் ஒன்றும் அகப்படவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று.

சிலுவைப்பிச்சை தன் கம்பை உயர்த்தினார்.

“போ, போ!” என்று கடலைப் பார்த்துக் கத்தினார். “இன்னைக்கு உனக்கு ஒண்ணும் இல்ல!”

அதற்குப் பிறகு எழுந்த கூச்சல் கடலுக்கே கேட்டிருக்கும். கோயில் மணி நிற்கவில்லை. யாரென்று தெரியாதவர்கள் தாணுமூர்த்தியைக் கட்டிப் பிடித்தார்கள். ஓர் அம்மா முழங்கை நீளத்துக்கு ஒரு நெய்மீனைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். அவர் பரம்பரைச் சைவம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

“மக்களே,” என்றார் அவர், “ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீயும் போனாப் போவுதுண்ணு விட்டிருக்கலாம். கொள்ளாம், நல்லாருக்குண்ணு சொல்லிப் பழத்தத் தின்னிருக்கலாம். ஒண்ணே ஒண்ணுதானேண்ணு நான் கெஞ்சியும் நீ எளகல்ல. இது உனக்கு யாரு சொல்லித் தந்தது?”

ஜெசிந்தா அவர் கையிலிருந்த மீனை வாங்கிக்கொண்டாள்.

“மூணாம் செமஸ்டர்ல எனக்கு முப்பத்தெட்டு போட்டியளே சார். ரெண்டு மார்க்குக்கு அன்னைக்கு நானும் உங்ககிட்ட கெஞ்சினேன்.”