கூத்தப்பரின் கழுத்து மேசை

கொன்றைநகரை ஆண்ட பூவராக நாயக்கருக்குப் பறங்கி வியாபாரி ஒருவன் ஒரு கழுத்துப்பட்டை கொடுத்துவிட்டுப் போனான். வெள்ளைத் துணியை மடிப்பு மடிப்பாகத் தைத்து, கஞ்சி போட்டு விறைப்பாக்கிய வளையம். அகலம் ஒரு சல்லடை அளவு. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்த நாயக்கருக்குத் தம் தலை தாமரைமேல் வீற்றிருப்பதாகத் தோன்றியது. ஒரே வாரத்தில் சபை முழுவதும் பட்டை.

பட்டை கட்டியவருக்குத் தம் வயிறு தெரியாது, கால் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் இலையும் தெரியாது.

அரண்மனை விகடர் கூத்தப்பர் பாடுதான் பெரும்பாடு. அவர் சிந்தாமல் சாப்பிட்டதை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை. அவரை எப்போது விரட்டலாம் என்று காத்திருந்த தளவாய் எத்திராஜர், பட்டையோடு பட்டை இடிக்க அரசர் காதில் ஓதினார்.

"பட்டையில் கறை பட்டால் மகாராஜாவுக்கே அவமானம். கறைப்படுத்தியவனை ஊரைவிட்டே அனுப்ப வேண்டும்."

"அனுப்பிவிடுவோம்," என்றார் நாயக்கர்.

மறுநாள் அரசரின் பிறந்தநாள் விருந்து. அந்தப் பந்தியில் இலையில் மீதி வைப்பது ராஜ நிந்தனை. சாப்பிட்டால் ஊர் போகும். சாப்பிடாவிட்டால் முதுகுத் தோல் போகும். விருந்துக்குப் போகும் வழியில் கூத்தப்பர் ஆற்றங்கரையில் கொஞ்சம் நின்றார். ஆறு எந்த ஊரிலும் உண்டு. ஆனால் அது வேறு ஆறு.

"என்ன ஓய், மூட்டை கட்டியாயிற்றா?" என்றார் பந்தியில் எதிர்வரிசையில் இருந்த தளவாய்.

"சாப்பிட்டுவிட்டுக் கட்டலாமென்று இருக்கிறேன்."

பரிமாறுகிறவர் இலை போடக் குனிந்தார்.

"தரையில் வேண்டாமப்பா. இப்படிக் கொடு."

கூத்தப்பர் இலையை நடுவரை கிழித்துக் கழுத்தைச் சுற்றிப் பட்டையின்மேல் விரித்துக்கொண்டார்.

"ம், போடு. சோறு மோவாய்க்குக் கீழே. கூட்டு வலது காதுப்பக்கம். ரசத்தைத் தொன்னையில் ஊற்றி இடது காதுப்பக்கம் வை."

பருப்பைத் தேடிப் பாயசத்தில் விரலை விட்டுக்கொண்டிருந்த நாயக்கர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னய்யா கூத்து இது?"

"மகாராஜா, பறங்கியர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இல்லை. மேசை வேண்டும். கப்பலில் எத்தனை மேசையைத்தான் ஏற்றுவார்கள்? ஆளுக்கொன்று கழுத்திலேயே கட்டிக்கொண்டார்கள். நாம் மேசையைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே சோற்றைத் துழாவுகிறோம்."

நாயக்கர் யோசித்தார். வாரக்கணக்கில் பசி.

"எனக்கும் ஒரு இலையைக் கிழி," என்றார்.

அரசர் கிழித்தபின் யார் சும்மா இருப்பார்கள்? பந்தி முழுவதும் இலை கழுத்துக்கு ஏறியது. தளவாய் மட்டும், "இதெல்லாம் கோமாளித்தனம்," என்று தரையையே தடவிச் சாப்பிட்டார்.

பந்தி முடிந்ததும் அவரே ஆரம்பித்தார். "கூத்தப்பர் இலையைத் தூக்கிப் பாருங்கள் மகாராஜா. உள்ளே வண்டி வண்டியாகக் கறை இருக்கும்."

தூக்கினார்கள். அடியில் மல்லிகைப்பூ வெள்ளை.

தளவாயின் பட்டையில்தான் ரசம் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"நீர் கேட்ட சட்டம்தானே தளவாய்?" என்றார் நாயக்கர்.

எத்திராஜர் இரண்டு கையாலும் பட்டையை மூடிக்கொண்டார். கூத்தப்பர் அந்த முகத்தைப் பார்த்தார். காலையில் தம் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"மகாராஜா, இவரை எதற்கு அனுப்ப வேண்டும்? சாப்பிட்டு எழுந்தால் மேசையில் நாலு சொட்டு கிடக்கத்தான் செய்யும். துடைத்தால் போயிற்று."

நாயக்கர் சிரித்த சிரிப்பில் அவர் கழுத்திலிருந்த பாயசத் தொன்னை கவிழ்ந்தது.

கூத்தப்பருக்கு முத்துமாலை கிடைத்தது. தளவாய்க்கு ஈரத்துணி கிடைத்தது.