பழைய இங்கிலீஷில் ஃபீஸ்

தெருவில் திரியும் மாடுகளை அடைத்துவைக்கும் முனிசிபாலிட்டிப் பட்டி, ஊருக்கு வெளியே சுடுகாட்டை ஒட்டி இருந்தது. அதற்குக் காவல் கொம்பையா. பெண்டாட்டி போன பிறகு அவர் பேசுவதெல்லாம் மாடுகளோடுதான். அந்த வாரம் உள்ளே ஒரே ஒரு செவலைப் பசு. தீனிச் செலவை மிச்சம்பிடிக்க அதை ஊர்மேய விட்டிருந்த ரிட்டயர்டு தாசில்தார் சடகோபன், மூன்றாம் நாள் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"மாட்டை அவுத்து விடுடா."

"ஃபீஸு கட்டணுமே, ஐயா."

"ஃபீஸா? அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லு, கட்டுறேன். இல்லேன்னா மாட்டைச் சும்மா விடணும்."

கொம்பையா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. "ஐயா படிச்சவுக. ஐயா வாயாலயே கேட்டுக்கிடுதேன்" என்றார் பணிவாக.

சடகோபனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பழைய இங்கிலீஷ்ல அதுக்கு மாடுன்னு அர்த்தம்டா, மடையா! அந்தக் காலத்துல மாடுதான் பணம்."

"அப்போ சரிதான், ஐயா. ஃபீஸு வந்து மூணு நாளாச்சு. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

தாசில்தார் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பசுவை ஓட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம், பழக்கத்தில் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு வந்த கொம்பையா, காலிப் பட்டியின் முன்னால் நின்றார். அந்த மனுசன் இன்னும் கொஞ்சம் கஞ்சனாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.