பின்சீட்டுக்கு எத்தனை மார்க்?

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று. சிரிக்காமல் கேளுங்கள்.

கோபிச்செட்டிபாளையத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கோகிலவாணியை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். சீடர் குழந்தைவேலு, ரிட்டயரான கணக்கு வாத்தியார். முப்பத்திரண்டு வருசம் அடுத்தவருக்கு மார்க் போட்ட மனுசன், ஐந்து வாரத்துக்கு முன்னால்தான் கோகிலவாணியிடம் ஸ்டீயரிங் பிடித்துப் பழகி லைசென்ஸ் வாங்கினார்.

புதன்கிழமை காலையில் வாத்தியார் மறுபடியும் ஸ்கூல் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு நோட்டு.

"மாஸ்டர், ஒரு சந்தேகமுங்க. ரெண்டு எலக்ட்ரிக் எஸ்யூவி பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு நீலம். எதை எடுக்கறது?"

"இப்ப இருக்கற வண்டிக்கு என்னங்க ஆச்சு? உங்க பையன் வாங்கி விட்டுட்டுப் போன குட்டிக் கார். அதுவும் எலக்ட்ரிக்தானே?"

"அது துளசிக்கு ஒத்துக்கலீங்க."

துளசிமணி அவர் மனைவி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்களும் வியாழனும் ஈரோட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். வாடகைக் கார்காரர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கச் சலித்துக்கொள்கிறார் என்றுதான் வாத்தியார் இந்த வயதில் வண்டி பழகினார். நான்கு வாரமாக அவரே கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். முந்தாநாள் திரும்பி வந்து இறங்கியதும் அந்தம்மா சொன்னது ஒரே பேச்சு: "இந்த வண்டி எனக்கு ஆகலீங்க. இனிமே நான் வரல. ஆகறது ஆகட்டும்."

"நாளைக்கு வியாழக்கிழமை மாஸ்டர். ஒரு தடவை விட்டாலே உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன். சொகுசான வண்டி ஒண்ணு புக் பண்ணிட்டேன்னு இன்னைக்கே சொன்னா, நாளைக்கு ஒரு தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு வருவா."

"நோட்டைக் காட்டுங்க."

அடேயப்பா! கட்டம் கட்டி, சிவப்பு மையில் மார்க் போட்டு, பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். சீட்டுக்குள்ளிருந்தே வரும் குளிர்காற்று வெள்ளையில் உண்டு, நீலத்தில் இல்லை. மேலே திறக்கும் கண்ணாடிக் கூரை நீலத்தில் பெரிது. வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் பார்க்கும் கேமரா இரண்டிலும் உண்டு. பின்னால் உட்காருகிறவருக்குத் தனி ஏசி, சாய்ந்துகொள்ளும் முதுகு, கை வைக்கும் திண்டு, போன் சார்ஜர், காலடி இடம், டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்பது வரை எதையும் விடவில்லை.

"ரெண்டும் நூத்துக்கு எம்பத்திநாலுங்க," என்றார் வாத்தியார். "தலையைப் பிச்சுக்கறேன்."

"துளசியம்மா எங்க உட்காருவாங்க?"

"பின்னால, வலது பக்கம். இடது கைலதான் ஊசி போடறாங்க. அந்தக் கை கதவுல இடிக்கக் கூடாது."

"பின்சீட்டுக்கு எத்தனை மார்க்?"

"ரெண்டுக்கும் இருபதுக்குப் பதினேழு. ஷோரூம்ல உட்கார்ந்து பாத்துத்தான் போட்டேன்."

"நின்னுக்கிட்டிருந்த வண்டில," என்றாள் கோகிலவாணி.

வாத்தியார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்காக இரண்டு வண்டியையும் பத்து மணிக்கு அங்கேயே வரச் சொல்லியிருந்தார். சொன்னபடி வந்தன. கொண்டு வந்த ஷோரூம் ஆட்கள் இருவரையும் எதிர் பேக்கரிக்கு டீ குடிக்க அனுப்பிவிட்டு, கோகிலவாணி ஒரு துண்டை எடுத்து வாத்தியாரின் இடது கையில் சுற்றினாள்.

"இந்தக் கை எங்கயும் படக் கூடாது. கண்ணை மூடிக்குங்க. வெள்ளைல பின்னால ஏறுங்க. நான் ஓட்டறேன்."

"நான்தானே ஓட்டிப் பாக்கணும்?"

"ஏறுங்க வாத்தியாரய்யா."

வண்டி கவுந்தப்பாடி ரோட்டில் போனது. முதல் இரண்டு கிலோமீட்டர் வாத்தியார் ஏசியைப் பாராட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவதில் பேச்சு நின்றது. வண்டி ஓடும், இழுத்துப் பிடிக்கும், மறுபடி ஓடும். தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அடியில் பேட்டரி வைத்து வண்டியின் தரை மேடாக இருந்ததால் முழங்கால் வேறு தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு கையால் எதைப் பிடிப்பது?

"மாஸ்டர், நிறுத்துங்க! வயித்தைப் பொரட்டுது!"

அவள் ஓரமாக நிறுத்தினாள். மனுசன் புளியமரத்தடியில் குந்தி உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். திரும்பி வந்ததும் வெள்ளையின் எண்பத்துநாலை அடித்துவிட்டு நாற்பது போட்டார்.

அடுத்தது நீலம். அதே ரோடு, அதே வேகத்தடை. சுகமாக இருந்தது.

"நீலந்தாங்க," என்றார் வாத்தியார், இறங்கும்போதே. "இப்பவே புக் பண்ணிடறேன்."

"இன்னொரு தடவை வெள்ளைல ஏறுங்க."

"ஐயையோ, எதுக்குங்க?"

"ஏறுங்க."

பயந்துகொண்டேதான் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டார். முழங்கால் இப்போதும் தூக்கித்தான் நின்றது. ஆனால் வயிறு பேசாமல் இருந்தது. வேகத்தடை வந்ததும் போனதும் தெரியவில்லை. ஸ்கூல் வாசல் வந்துவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"இது அதே வண்டியா?"

"அதேதான். முதல் தடவை உங்களை மாதிரி ஓட்டினேன். நீலத்தையும் இப்ப இதையும் என்னை மாதிரி ஓட்டினேன்."

வாத்தியார் இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து உங்களுக்குப் பின்னாலதான் வந்தேன்," என்றாள் கோகிலவாணி. "ரோடு காலியாத்தான் இருந்துச்சு. உங்க பிரேக் லைட்டு மட்டும் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுது. நான் கத்துக்குடுத்தது பெட்ரோல் வண்டி. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா அது பாட்டுக்கு உருளும். எலக்ட்ரிக் வண்டில காலை எடுத்தாலே பிரேக் போட்ட மாதிரி இழுத்துப் பிடிக்கும், பின்னால லைட்டும் எரியும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும். எதிர்ல என்ன வந்தாலும் படக்குனு காலை எடுங்கன்னு உங்களைப் பழக்கினது நான்தான். பாதித் தப்பு என்னோடதுங்க."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"ஓட்டறவனுக்குத் தெரியாது. கை ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கறதால உடம்பு ஆடாது."

வாத்தியார் கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெட்கமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"நாலு வாரம் மாஸ்டர்! எட்டுத் தடவை! ஊசி குத்தின கையோட அவளை இந்தப் பாடு படுத்தியிருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அறுபத்தொரு வயசுல தனக்காக வண்டி கத்துக்கிட்டு வந்து நிக்கற மனுசன்கிட்ட எப்படிங்க சொல்லுவாங்க? அதான் பழியைத் தூக்கி வண்டி மேல போட்டுட்டாங்க."

வாத்தியார் வண்டியை விட்டு இறங்கினார். பேக்கரியிலிருந்து அந்த இருவரும் திரும்பி வந்து, ஆளுக்கொரு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். காலையில் அவர் ஓட்டி வந்த குட்டிக் கார் மட்டும் வாசலில் நின்றது.

"அப்ப நான் எந்த வண்டியை எடுக்கறதுங்க?"

"அப்புறம் நிதானமா எடுக்கலாம். முழங்கால் இடிக்காததா பாத்து எடுங்க. இப்ப இதை எடுங்க. ஈரோட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வரலாம். வந்ததும் துளசியம்மாகிட்ட நானே பேசறேன்." கோகிலவாணி பின்கதவைத் திறந்து வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "துளசியம்மா இடத்துல நான் உட்கார்ந்துக்கறேன். எனக்குத் தூக்கம் வந்துட்டா, நாளைக்கு அவங்களுக்கும் வரும்."