குழாயில வந்த குரல்

கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள், ஊரே பாக்க விழாத் தலைவர் ஆவுடையப்பன் மைக்கைத் தூக்கி மேடையில வீசிட்டாரு.

"என் பேச்சு ஒரே கரகரன்னு கேக்கு. சாயங்காலத்துக்குள்ள சுத்தமா கேக்கலைன்னா உன் குழாய் ஸ்பீக்கரைக் கழட்டிட்டுப் போயிரு. இனி இந்தக் கோயில் பக்கமே வராத."

மைக் செட் போடுற பேச்சித்தாய்க்கு வருசத்துல பெரிய வேலையே இந்தக் கொடைதான். பழைய கூம்புக் குழாய் எந்தக் குரலையும் கொஞ்சம் சிதைச்சுத்தான் வெளிய விடும். அதை யாராலயும் சரி பண்ண முடியாது.

அவர் மைக்குல பேசுறப்பவே பக்கத்துல இருந்து அவ அதைப் போன்ல பதிஞ்சு வச்சிருந்தா.

சாயங்காலம் மேடையில திரையைக் கட்டிட்டுச் சொன்னா: "தலைவரே, பின்னாடி ரெண்டு செட்டு இருக்கு. எது சுத்தம்னு உங்க காதே சொல்லட்டும்."

முதல் செட்டு பேசுச்சு. தலைவர் மூஞ்சியைச் சுளிச்சாரு. "யாரு இவன், சளி புடிச்சவன் மாதிரி?"

ரெண்டாவது பேசுச்சு. மீசையைத் தடவிக்கிட்டாரு. "இதுதான் நான். இப்பதான் சுத்தமா இருக்கு. இதையே கட்டு."

பேச்சித்தாய் திரையை விலக்குனா. அவர் கைகாட்டுனது அதே பழைய குழாய்.

"முதல்ல பேசுனதும் நீங்கதான் தலைவரே, ரெண்டுலயும் போட்டது உங்க பேச்சோட ஒரே பதிவுதான். முதல் செட்டு டவுன்ல இருந்து வந்த புது ஸ்பீக்கர் பொட்டி. அதுல ஒரு கரகரப்பும் கிடையாது."

யாரும் சிரிக்கல. தலைவரோட சம்சாரம் மட்டும் மெதுவா சொன்னாங்க: "வீட்டுல நாங்க கேக்கது அந்த முதல் குரலைத்தான்."

தலைவர் அந்தப் பழைய குழாயை ஒரு தடவை நிமிந்து பாத்தாரு. அப்புறம், "குழாயே இருக்கட்டும்"னாரு.

ஆமா, உங்க குரலை முதல் தடவை போன்ல கேட்டப்ப, "இது நானில்ல"ன்னு நீங்களும் சொன்னீங்கதானே?