மீசை முடி நுழையாத உருண்டை

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே மூன்று முட்டாள்கள் வேலை பார்க்கிறார்கள். வெல்டர் நாச்சிமுத்து ஒருத்தன், சாமான் தூக்கி வைக்கும் ஆரோக்கியண்ணன் ஒருத்தர். மூன்றாவது, கூட்டித் துடைக்கிற நான்.

கேட், கிரில் என்று ஒட்டிக்கொண்டிருந்த வரைக்கும் எங்கள் லட்சணம் வெளியே தெரியவில்லை. ஓனர் லேசர் வெல்டிங் மிஷின் வாங்கிப் போட்டார். தெரிந்துவிட்டது.

அன்றைக்கு ஒரு பெரிய கம்பெனிக்காரர் எங்கள் வேலை எப்படி என்று பார்க்க வருகிறார். அவர் அனுப்பியது இரண்டு கிண்ணங்கள். எவர்சில்வர் பொடியை உருக்கி, அடுக்கு மேல் அடுக்காக வளர்த்து, கம்ப்யூட்டர் மிஷினே செய்ததாம். இரண்டையும் தேங்காய் மூடி மாதிரி சேர்த்து ஒட்டி ஒரே உருண்டையாகக் காட்ட வேண்டும். பிடித்தால் ஆர்டர் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று ஓனர் சொல்லிவிட்டார். ஏழாவதோடு நின்றவளை வேறு எவன் வேலைக்கு வைப்பான்?

கம்பெனிக்காரரைக் கூட்டிவரக் கிளம்பும்போது ஓனர் சொன்னார்: "இடுக்குல ஒரு முடி கூட நுழையக் கூடாது. ஒட்டற எடத்துல காத்துப் படக் கூடாது. கண்ணாடி போடாம யாரும் லேசரைப் பாக்கக் கூடாது. சொன்னபடி செய்யுங்க."

சொன்னபடிதான் செய்தோம்.

மேசை மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, மற்றதை அதன் மேல் கவிழ்த்துச் சேர்த்தோம். "முடி யாரு குடுக்கறது?" என்றான் நாச்சிமுத்து. ஆரோக்கியண்ணனுக்கு மண்டை வழுக்கை. நான் ஒன்று பிடுங்கிக் கொடுத்தேன். சரக்கென்று உள்ளே போய்விட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்க்கா. உங்க முடி ரொம்ப மெலிசு. அதை வெச்சுப் பாத்தா உலகத்துல எதையும் ஒட்ட முடியாது" என்றான்.

ஆரோக்கியண்ணன் யோசித்தார். "ஓனர் யாரு முடின்னு சொன்னாரா?"

"இல்லீங்ணா."

அண்ணன் தன் மீசையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தார். துடைப்பக் குச்சி மாதிரி இருந்தது. நுழையவே இல்லை. கை தட்டினோம்.

அடுத்தது காற்று. ஃபேனை நிறுத்தினோம். ஜன்னலைச் சாத்தினோம். அப்போதும் எங்கேயோ உஸ்ஸென்று சத்தம். பார்த்தால், ஓனர் மாட்டி வைத்த கேஸ் சிலிண்டர்.

"அதுவும் காத்துதானுங்க்கா!" என்று நாச்சிமுத்து பதறினான். நல்லவேளை, நான் ஓடிப்போய் மூடினேன். வெளிக்காற்று அண்டாமல் தடுப்பதே அந்த கேஸ்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"நாம விடற மூச்சு?" என்றார் ஆரோக்கியண்ணன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டே ஒட்டுவது என்று முடிவானது.

கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. எனக்குக் கண் போய்விடுமோ என்று நான் புலம்பிய புலம்பலில் நாச்சிமுத்து அதை எனக்கே கொடுத்துவிட்டான். "பாக்கறவங்கதான போடோணும்? நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க வழி சொல்லுங்க."

"மூச்சுப் பிடிச்சுக்கிட்டு எப்படிடா சொல்றது?"

"காதைத் திருகுங்க. எந்தக் காதோ அந்தப் பக்கம் போறேன்."

ஆரோக்கியண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் வலது காதைத் திருகினேன், இடது காதைத் திருகினேன். மாட்டு வண்டி கூட அவ்வளவு சொன்னபடி கேட்காது. பாதியில் எனக்கு மூச்சு முட்டி, இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்துவிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. அவன் லேசரை நேரே கீழே இறக்கிவிட்டான்.

கதவு திறந்தது. ஓனரும் கம்பெனிக்காரரும் வந்தார்கள். உருண்டை தீய்ந்த பணியாரம் மாதிரி இருந்தது. கம்பெனிக்காரர் அதைத் தூக்கினார். இரும்பு மேசையும் கூடவே எழும்பியது.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் சட்டென்று ஒரு முடியைப் பிடுங்கி, உருண்டைக்கும் மேசைக்கும் நடுவில் விட்டுப் பார்த்தேன்.

"சார், இங்க பாருங்க! என்ற முடியே நுழையலீங்க!"

கம்பெனிக்காரர் என்னையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேசையோட சேத்து ஒட்டற வேலை எப்பவாச்சும் வந்தா, கண்டிப்பா உங்களுக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓனர் ஏன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார் என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. ஆர்டர்தான் கிடைத்துவிட்டதே! பக்கத்துப் பட்டறைகளில் கேட்டு வாங்கி, நாலு மேசை துடைத்து வைத்திருக்கிறோம்.

அது பத்தாமல் போய்விடுமோ என்பதுதான் இப்போது என் கவலை.